தேங்காய் நார் முடி

எங்கள் தெருவில் போர் தண்ணிதான், ஒரே உப்பு. தலைக்குக் குளித்துக் குளித்து என் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. சீப்பு வைத்தாலே ஒடியும். "பேசாம கிராப் வெட்டிடலாம்"னு அம்மா சொன்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பத்தாதான் வழி சொன்னாங்க. ராத்திரி ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊறவைத்து, காலையில் செம்பருத்தி இலையோடு அரைக்கணும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, மேலே இதைப் பூசி, அரை மணி கழித்து அரப்பு போட்டு அலசணும். அந்த வழவழப்பு முடியில் படிந்து ஒடியாமல் காக்கும். இப்போ முன்ன மாதிரி ஒடியறதில்லை.

ஆனால் அறிவியல் டீச்சர் சொன்னதையும் கேளுங்கள். வெளியே தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. அது கெரட்டின் என்னும் புரதம். பூசுவது காக்கும், வளர்க்காது. வளர்ப்பது வேர், வேருக்குச் சோறு நாம் சாப்பிடுவதுதான்.

அதனால் தோழிகளே, சத்துணவு முட்டையை மீதி வைக்காதீர்கள்!