330-க்கு இரண்டு பேர்

ஞாயிறு

மூடிப்போன டி.டி.பி. கடை ஒன்றின் ஸ்கஸி ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று நிறைய பேஜ்மேக்கர் கோப்புகள். வீட்டிலிருக்கும் 486-இல் அடாப்டெக் 1542 ஸ்கஸி கார்டைப் போட்டுப் படித்து, நெட்வொர்க் வழியாகப் புதுக் கணினிக்கு மாற்றிவிடுவதாக ஏற்பாடு.

கார்டின் விளிம்பை அழிரப்பரால் தேய்த்துச் செருகி ஆன் செய்தால், டிஸ்க்கைக் காணோம். எல்லாக் கார்டுகளையும் கழற்றி, டிஸ்ப்ளேயும் ஐ.டி.இ. கார்டும் மட்டும் விட்டு ஸ்கஸியைப் போட்டேன், டிஸ்க் வந்தது. நெட்வொர்க் கார்டைச் சேர்த்தேன், அப்போதும் வந்தது. சவுண்ட் பிளாஸ்டர் 16-ஐச் செருகியதும் மறுபடி காணோம்.

மகள் எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, அந்த சவுண்ட் கார்டக் கழட்டி வெச்சிட்டு காப்பி பண்ணிக்கலாம்ல?"

பண்ணலாம்தான். ஆனால் இந்தக் கணினி பாடும், விளையாடும். அதை ஊமையாக்கி வேலை வாங்க எனக்கு மனசில்லை.

திங்கள் இரவு

இரண்டு கார்டும் நல்ல கார்டுகள்தான். அடாப்டெக்கின் வழக்கமான போர்ட் முகவரி ஹெக்ஸில் 330. சவுண்ட் பிளாஸ்டரின் மிடி பகுதிக்கும் அதே 330. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு; தபால்காரர் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள், யார் சொன்னதும் விளங்குவதில்லை.

அந்தக் காலத்து ஐசா கார்டுகள் பெரும்பாலும் 10 பிட் முகவரியைத்தான் பார்க்கும். ஆக மொத்தம் 1,024 இடம். முதல் 256 மதர்போர்டுக்கே போய்விடும். மிச்சத்தைப் பங்குபோட்டுக் கொடுக்க எந்த அதிகாரியும் கிடையாது. கார்டு செய்தவர் தமக்கு வசதியான எண்ணைப் போட்டு அனுப்பினார்; பக்கத்து ஸ்லாட்டில் எது வரும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

செவ்வாய்

ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை, பென்சிலும் கட்டம் போட்ட தாளும்தான்.

மிடியை நகர்த்தலாம் என்றால் அதற்கிருக்கும் மாற்று 300 மட்டும். அங்கே என்.இ. 2000 வகை நெட்வொர்க் கார்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 32 இடம் வேண்டும், ஹெக்ஸில் 20. அதை 320-க்குத் தள்ளினால் 340-க்கு முந்தைய இடம் வரை அடைத்துக்கொள்ளும். நடுவில் 330-இல் ஸ்கஸி. 360-க்குத் தள்ளினால் 378-இல் பிரிண்டர் போர்ட். 340 ஒன்றுதான் காலி. இந்த வழியில் போனால் இரண்டு கார்டு நகர வேண்டும், நெட்வொர்க் டிரைவருக்குப் புது எண் சொல்ல வேண்டும், ஆட்டோஎக்ஸெக் கோப்பில் பிளாஸ்டர் வரியிலுள்ள பி330-ஐயும் திருத்த வேண்டும்.

ஸ்கஸியை நகர்த்தினால்? அதற்கு வேண்டியது நாலே இடம். 334 அதன் அனுமதிக்கப்பட்ட முகவரிகளில் ஒன்று. மிடி 331-க்கு மேல் போகாது. வேறு யாரும் அசைய வேண்டாம்.

ஜம்பரைச் சாமணத்தால் பிடித்து மாற்றினேன். தேவையற்றுப்போன ஜம்பரை ஒற்றைப் பின்னில் தொங்கவிடுவது என் வழக்கம்: இணைப்பு ஏற்படாது, ஜம்பரும் தொலையாது. பிளக் அண்ட் பிளே வந்து இதையெல்லாம் ஒழித்தது என்பார்கள். எனக்கு ஜம்பர்தான் பிடிக்கும். கணினியை அணைத்துவிட்டும் படிக்கலாம்.

டிஸ்க் தெரிந்தது. சவுண்டும் இருக்கிறது.

புதன்

சந்தோஷம் நிலைக்கவில்லை. பழைய விளையாட்டுகள் ஒழுங்காகச் சத்தம் போடுகின்றன. விண்டோஸ் 3.1-இல் 16 பிட் வேவ் கோப்பை ஓட்டிக்கொண்டே ஸ்கஸி டிஸ்க்கைத் திறந்தால் மெஷின் அப்படியே உறைகிறது.

8 பிட் சத்தம் டி.எம்.ஏ. சேனல் 1 வழியாகப் போகிறது, 16 பிட் சேனல் 5 வழியாக. அடாப்டெக்கின் வழக்கமான சேனலும் 5! அந்தக் கார்டு டி.எம்.ஏ. சிப்பைக் கொண்டு தரவைச் சுமக்க வைப்பதில்லை; அந்தச் சேனலைச் சாக்காக வைத்து பஸ்ஸையே கையில் எடுத்துக்கொண்டு நினைவகத்தில் நேரே எழுதும் ரகம். அதற்கேற்ப சேனலை டிரைவர் அமைத்து வைக்கிறது. சவுண்ட் கார்டின் நிரல் வந்து, 'நீ எனக்குத் தரவு சும' என்று அதே சேனலை மாற்றி எழுதுகிறது. பிறகு டிஸ்க் கார்டு பஸ்ஸைக் கேட்டால் கிடைப்பது வேறு ஏதோ. உறைந்தது என் அதிர்ஷ்டம். உறையாமல் தப்பான இடத்தில் எழுதியிருந்தால் டிஸ்க் கெட்டிருக்கும்.

ஸ்கஸியைச் சேனல் 6-க்கு மாற்றினேன். கேட்கும் கம்பி, ஒப்புக்கொள்ளும் கம்பி இரண்டுக்கும் ஜம்பர் சேர்ந்து நகர வேண்டும். ஒன்றை விட்டால் கார்டு கேட்டுக்கொண்டே நிற்கும்.

வியாழன்

மிச்சம் இன்டரப்ட் கம்பிகள். நெட்வொர்க் கார்டு ஐ.ஆர்.க்யூ. 3-இல் இருக்கிறது, காம் 2 போர்ட்டும் அங்கேதான். மோடம் இப்போது கிடையாது என்பதால் காம் 2-ஐ மூடிவிட்டேன். அடாப்டெக்கின் 11-ஐ யாரும் கேட்கவில்லை.

இன்றைய சோதனை: 16 பிட் பாட்டு ஓட, ஸ்கஸியிலிருந்து ஐ.டி.இ. டிஸ்க்குக்கு ஒரு முழு ஃபோல்டரை காப்பி செய்தேன். பாட்டு ஒரு இடத்தில்கூட விக்கவில்லை. டாஸுக்கு வந்து எஃப்.சி. கட்டளையால் இரண்டு பிரதியையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். வேறுபாடு எதுவும் இல்லை. நாளை நெட்வொர்க்கில் ஏற்றலாம். அதற்கு முன் அந்த பேஜ்மேக்கர் கோப்புகள் எந்தத் தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.