குதிரையும் இருமலும்

சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போக எனக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் கடைசிவரை அசையவே இல்லை. விடுதி வெறிச்சென்று கிடந்தது. அறை நண்பன் தன் கணினியை என் பொறுப்பில் விட்டு, "இதில் ஒரு வீடியோ கேம் இருக்கிறது, ஆடிப்பார். ஆனால் அவசரப்படாதே" என்று சொல்லிப் போனான். அவசரப்படாதே என்று என்னிடமா சொல்வது!

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்பது அதன் பெயர். ராக்ஸ்டார் நிறுவனத்தார் 2018-ல் வெளியிட்டது. கணினிக்கு வந்தது 2019-ல். கதை நடப்பது 1899-ல், அமெரிக்காவில், கற்பனையாகப் படைத்த சில மாநிலங்களில். கொள்ளைக் கூட்டங்களின் காலம் முடிந்து, சட்டமும் ஆலைப் புகையும் வந்துவிட்ட வேளை. டட்ச் என்பவனுடைய கூட்டம் ஊர் ஊராக ஓடி ஒளிகிறது. அதில் ஒருவன் ஆர்தர் மார்கன். அவனாகத்தான் நாம் ஆட வேண்டும்.

முதல் சில மணி நேரம் பனிமலையில் குதிரையை நடத்திச் செல்வதே பெரும்பாடு. பிறகாவது வேகம் பிடிக்கும் என்று பார்த்தால், இல்லை. குதிரைக்குத் தீனி போட வேண்டும். உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். துப்பாக்கியைத் துடைக்க வேண்டும். வேட்டையாடிய மானைத் தோளில் சுமந்து குதிரைமேல் ஏற்ற வேண்டும். அலமாரியில் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்க்க வேண்டும். கூட்டம் தங்கியிருக்கும் கூடாரங்களுக்கு நடுவே ஓடக்கூட விடமாட்டார்கள். நடந்தே போக வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். காடு மலையெல்லாம் இஷ்டம்போல் சுற்றவிடுகிறார்கள். ஆனால் கதைக்கான வேலையில் இறங்கிவிட்டாலோ, முளையில் கட்டிய கன்றின் பாடுதான். காட்டிய பாதையைவிட்டுக் கொஞ்சம் விலகினால், 'தோற்றாய்' என்று திரும்ப ஆடச் சொல்கிறார்கள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கதையை இன்னும் ஆடாதவர்கள் மன்னிக்க வேண்டும். இனி வருவதைச் சொல்லாமல் தீராது. தொடக்கத்தில் ஆர்தர் கடன் வசூலுக்குப் போகிறான். டவுன்ஸ் என்ற ஏழைக் குடியானவன், இருமல்காரன். ஆர்தர் அவனைப் பிடித்து அடிக்கிறான். அவன் இருமும்போது ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. நான் அப்போது, இந்தக் காட்சி எப்போது முடியும் என்று ஒரு கண்ணைக் கைப்பேசிமேல் வைத்திருந்தேன்.

பல நாள் கழித்து, செயின்ட் டெனிஸ் நகரத் தெருவில் ஆர்தர் சுருண்டு விழுகிறான். மருத்துவர் பார்த்துவிட்டுக் காசநோய் என்கிறார். ஓய்வு எடு, வெப்பமான வறண்ட ஊருக்குப் போ என்கிறார். 1899-ல் வேறென்ன சொல்ல முடியும்? கிருமியை 1882-லேயே ராபர்ட் காக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கிடைத்தது. மருந்து சாப்பிட்டால் நோயாளி வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது, 1956-ல் நம் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்.

இதையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினவன் நான். நுண்ணுயிரியல் மாணவன். குடலில் வாழும் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும்; காசநோய்க் கிருமிக்கோ அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்டவன், கண்ணெதிரே ஒருவன் ரத்தம் கக்கியபோது கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றிரவு கணினியை அணைத்த பிறகும் இருமல் கேட்டது. விடுதி வாசலில் காவல்காரர் இருமிக்கொண்டிருந்தார். நவராத்திரி சமயத்திலிருந்தே அந்த இருமலைத் தாண்டித்தான் நான் தினமும் போய்வந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் என் அரைகுறை இந்தியில், "சாச்சா, எத்தனை நாளாக இந்த இருமல்?" என்று கேட்டேன். "மூன்று வாரம் இருக்கும், பேட்டா" என்றார். இரண்டு வாரம் தாண்டினாலே சளியைச் சோதிக்க வேண்டுமே! அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சோதனைக்குக் காசு கேட்கவில்லை. முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

நல்லவேளை, அந்த நோய் இல்லை. பீடியை விடச் சொன்னார்கள். அவர் விடவில்லை. ஆனால் இப்போது வாசலைக் கடக்கும்போதெல்லாம் என்னை நிறுத்தி நாலு வார்த்தை பேசாமல் அனுப்புவதில்லை. வகுப்புக்குத் தாமதமாகிறது.

விடுமுறை முடிந்து வந்த நண்பன், "ஆட்டம் எப்படி?" என்றான்.

"நல்ல ஆட்டம்தான். ஆனால் பாதி வீண்" என்றேன்.

"எந்தப் பாதி?" என்றான்.

அதைத்தான் இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.