நாடாவின் வெதுவெதுப்பு

மாமல்லபுரத்தை அடுத்த கடலோரச் சிற்றூரில், எண்பதைக் கடந்த என் அத்தை பாடிய தாலாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டு செங்கற்பட்டு திரும்பினேன். குரல் துல்லியமாக இருந்தது. ஆனால் குளிர்ந்து கிடந்தது. நாடாவின் வெதுவெதுப்பைத் தருவதாகச் சொல்லும் செருகுநிரல்கள் சிலவற்றைப் பொருத்திப் பார்த்தேன்.

அந்த வெதுவெதுப்பு உண்மையில் ஒரு பிழைதான். காந்த நாடா தாங்கும் எல்லையை ஒலி நெருங்குகையில் உச்சங்கள் மழுங்கும். அடிச்சுரத்தின் மும்மடங்கு அதிர்வெண் கூடவே ஒலிக்கும். பல நிரல்கள் ஒலியளவையும் சற்றே உயர்த்திவிடுகின்றன, காது ஏமாந்துபோகிறது. அளவைச் சமன்செய்து கேட்டதும் பாதி நிரல்கள் உதிர்ந்தன. எஞ்சியவற்றில் வேவ்ஸ் ஜே37ஐத் தேர்ந்தேன். 1960களில் லண்டன் அபி ரோடு கூடத்தில் சுழன்ற ஸ்டூடர் பொறியின் நகல் அது. நாடா இரைச்சலை அணைத்துவிட்டேன். பின்னணியில் கடல் இருக்கிறதே, போதாதா?

வேகத்தை நொடிக்கு ஏழரை அங்குலத்தில் வைத்தேன். குரல் இழைந்தது. மறுவாரம் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன்.

"ஏம்பா, நான் மூச்சு இழுக்கிறதே இதுல கேக்கலையே?" என்றார்.

வேகத்தை 15 அங்குலமாக்கினேன். மூச்சு திரும்பி வந்தது.