போர்ட் லூயிஸ் நினைப்பு

கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற கோடையில், எங்கள் ஊர் பரளச்சியில் உட்கார்ந்திருந்தாலும் மனசு போர்ட் லூயிஸுக்கே ஓடுகிறது. மொரீசியஸ் நாட்டின் தலைநகரம். பிழைப்புக்காகப் போய்ச் சில வருஷம் இருந்த ஊர். அங்கே யாராவது கிளம்புகிறார்கள் என்றால் வலியப் போய்ச் சொல்வேன்: கடற்கரைகளோடு திரும்பிவிடாதீர்கள், ஊருக்குள்ளே நடங்கள்.

காலையிலேயே சென்ட்ரல் மார்க்கெட்டுக்குப் போங்கள். கொத்தமல்லிக் கட்டும் பச்சை மிளகாயும் குவிந்திருக்கும். பக்கத்திலேயே தால் பூரி விற்பார்கள். பருப்பை உள்ளே வைத்து மெல்லிசாகத் தேய்த்த பூரி. அவரைக் குழம்பும் மிளகாய்ச் சட்னியும் தடவி, ஜோடியாகக் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். காசாக நீட்டுகிற அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். அதைப் பார்த்து முதல் நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துறைமுகத்தில் ஆப்பிரவாசி காட் என்ற பழைய குடியேற்றக் கூடம் இருக்கிறது. 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சென்னையில் கப்பலேறியவர்களும் அதில் உண்டு. 1849இல் கட்டத் தொடங்கிய அந்தக் கூடத்தின் மிச்சமும் கல்படிகளும் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. மழை பொய்த்து ஊரைவிட்டுப் போவது என்னவென்று நம் சீமைக்குத் தெரியும். அந்தப் படிகளில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. போர்ட் லூயிஸின் சேன்ட் குருவா பகுதியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. கிரியோல் பேசுகிற பிள்ளைகள் அலகு குத்திக் காவடி தூக்கி அரோகரா சொல்லும்போது உடம்பு சிலிர்க்கும். அதே பகுதியில் பாதிரியார் லாவலின் கல்லறை. செப்டம்பரில் அவர் நினைவு நாளுக்கு எல்லா மதத்தாரும் இரவெல்லாம் நடந்து வருவார்கள்.

நான் ஏங்குவது அங்கத்திய மனுஷர்களுக்காகத்தான். தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர் என்று கேட்டார். தன் முன்னோரின் ஊர் அவருக்குத் தெரியாது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கப்பலில் வந்தவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. அதில் தேடி ஊரைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. ஊர் கிடைக்காதவர்கள் நம்மிடம்தான் கேட்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். கண்மாய், அம்மன் கோயில், என்ன விதைக்கிறோம், எப்போது மழை என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்பார்கள்.