நின்றாலே கூலி

“எந்த ஊர் தம்பி?” என்று பேருந்தில் யாரேனும் கேட்டால், “ஒரகடம் பக்கம்” என்று ஒரு காலத்தில் பெருமையோடு சொல்வேன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் கூடுகின்ற இடம் எங்கள் ஊர்ப்பக்கம். என் தாத்தா காலத்தில் ஏரி நீரை நம்பி நெல் விளைந்த பூமி அது. 2010-ல் ரெனால்ட்-நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-ல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையும் அங்கே எழுந்தன. உலகத்துச் சாலைகளில் ஓடுகின்ற வண்டிகள் எங்கள் ஊர் வாயிலைத் தாண்டித்தான் போகின்றன என்றால் பெருமைக்குக் கேட்பானேன்?

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகின்றேன். ஏனெனில் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். “அங்கே ரவுடிகள் அதிகமாமே?”

அந்தக் கேள்வி என்னைச் சுடுவதற்குக் காரணம் உண்டு. அதை இந்த மலரில் மறைக்காமல் எழுதிவிடுகின்றேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். ஆறு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக வாயில் வாயிலாக மாறி மாறி வேலை பார்த்தார். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து டீக்கடை பெஞ்சில் உட்காருவார். ஒருநாள் காலை என்னிடம், “தம்பி, சும்மா வந்து நில்லு போதும். ஐந்நூறு ரூபாய், மத்தியானம் பிரியாணி” என்றார்.

போனேன், நின்றேன். ஒரு தொழிற்சாலையின் வாயிலுக்கு எதிரே ஏறத்தாழ நாற்பது பேர் நின்றிருந்தோம். யாரும் யாரையும் அடிக்கவில்லை; ஒரு கல்கூட எறியவில்லை. உள்ளேயிருந்து இரும்புச் சீவலும் அட்டைப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரி வந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அந்த ஸ்கிராப்பை எடுக்கும் உரிமை அன்று மாலை வேறொருவர் கைக்கு மாறிற்று என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பணத்தை அம்மாவிடம் கொடுத்தபோது, “என்னடா வேலை?” என்றார். “மூட்டை தூக்கினேன்” என்றேன். அம்மா என் தோளைத் தொட்டுப் பார்த்தார். தழும்பு இல்லாத தோள்! ஒன்றும் சொல்லாமல் பணத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார். அந்த மௌனம் இன்றும் என்னோடு வருகின்றது.

அடுத்த மாதம் நம் கல்லூரியில் வரலாறு சேர்ந்தேன். அமெரிக்க வரலாற்று வகுப்பில் மதுவிலக்குப் பாடம் வந்தபோது, நியூயார்க்கின் கீழைப்பகுதியைப் பற்றிப் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். நான் நூலகத்தில் தேடித் தேடி மேலும் படித்தேன். படிக்கப் படிக்க அந்தத் தெருக்கள் எங்கள் ஊர்த் தெருக்களாகவே தோன்றின.

1881-க்குப் பிறகு, ரஷ்யப் பேரரசிலும் அதன் அண்டை நாடுகளிலும் வறுமையாலும் இனப் படுகொலையாலும் துரத்தப்பட்ட யூதர்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்கு வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். தையல் கூடங்களில் உழைத்தார்கள். அந்தத் தெருக்களில் மாங்க் ஈஸ்ட்மன் போன்ற சண்டியர்களின் கூட்டங்கள் தோன்றின. தேர்தல் நாளில் அரசியல்வாதிகளுக்கு அந்தக் கூட்டங்கள் வேண்டியிருந்தன. 1910-க்குப் பின் தையல் தொழிலில் வேலைநிறுத்தங்கள் மூண்டபோது முதலாளிகள் அடியாட்களை அமர்த்தினார்கள்; தற்காப்புக்கென்று சங்கங்களும் பெஞ்சமின் ஃபைன் என்பவனுடைய கூட்டத்தை அமர்த்திக்கொண்டன. காவலுக்கு வந்த கை நாளடைவில் கழுத்தைப் பிடித்தது. 1930-களில் லெப்கி புகால்டர் என்பவன் சங்கங்களையும் துணி ஏற்றும் லாரிகளையும் தன் பிடிக்குள் கொண்டுவந்து, முதலாளி தொழிலாளி இருவரிடமும் மாமூல் வாங்கினான். 1944-ல் மின்நாற்காலியில் அவன் கதை முடிந்தது.

லாரியை மடக்கியவன் தொழிலையே மடக்கிவிட்டான் என்று படித்தபோது, நான் நின்ற அந்த வாயில் என் கண்முன் வந்தது.

இத்தகைய கூட்டத்தார் பலரைப் பெரும் பணக்காரர்களாக்கியது 1920 முதல் 1933 வரை அங்கே நிலவிய மதுவிலக்கு. நம் பக்கத்திலும் அந்த வழி உண்டு. தூத்துக்குடியில் பிறந்து பம்பாய் விக்டோரியா முனையத்தில் சுமை தூக்கிய வரதராஜ முதலியார், அந்நகரின் மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயத்தால் வளர்ந்து தாராவித் தமிழர்களுக்குத் ‘தாதா’ ஆனார். 1988-ல் சென்னையில் இறந்தார். எங்கள் மாவட்டத்துக் காஞ்சிபுரம் ஸ்ரீதரும் சாராயத் தொழிலில் தொடங்கியவர்தாம். தொழிற்சாலைகள் வந்து மண்ணின் விலை ஏறியபோது அவர் கை நிலத்தின்மேல் திரும்பியது. 2017-ல் கம்போடியாவில் அவர் உயிர் பிரிந்தது.

இனமும் மொழியும் வேறு. கதை மட்டும் ஒன்று! ஆனால் ஊரார் அப்படிச் சொல்வதில்லை. 1908-ல் நியூயார்க் காவல்துறைத் தலைவர் பிங்ஹாம், நகரத்துக் குற்றவாளிகளில் பாதிப்பேர் யூதர்களே என்று எழுதினார். அந்த மக்கள் கொதித்தெழுந்தார்கள்; அவர் தம் சொல்லைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. மறு ஆண்டே ‘கெஹிலா’ என்ற சமூக அமைப்பை நிறுவினார்கள். 1912-ல் சூதாட்ட விடுதிக்காரன் ஒருவன் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டபின், தங்கள் தெருவின் குற்றக் கூடங்களைத் தாங்களே கண்டறிந்து கணக்கெடுத்தார்கள். பழியை மறுத்தார்கள், குற்றத்தை மூடி மறைக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே செய்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஒரு தலைமுறை கடந்தது. அந்தக் கூட்டங்களுக்கு அதே தெருக்களிலிருந்து புது ஆட்கள் வரவில்லை. காவல்துறை மட்டுமா காரணம்? நியூயார்க்கின் நகரக் கல்லூரி 1849 முதல் 1976 வரை கட்டணமில்லாமல் கற்பித்தது. தையற்காரர் பிள்ளைகள் அங்கே திரண்டு வந்து படித்தார்கள். ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் வெளியே வந்தார்கள். வேறு வாயில் திறந்தபின் அந்த வாயிலில் போய் நிற்பவர் யார்?

சென்ற தை மாதம் அண்ணனை நீதிமன்ற வளாகத்தில் பார்த்தேன். அடிதடி வழக்கு. அவருக்குப் பணம் கொடுத்து அனுப்பியவர் யாரும் அங்கே வரவில்லை. பெரியம்மாவும் நானும்தான் நின்றிருந்தோம். காவலர் அனுமதித்த சில நிமிடங்களில், “என்னடா படிக்கிற இப்போ?” என்று கேட்டார். மேயர் லான்ஸ்கியைப் பற்றிச் சொன்னேன். “சிறு வயதில் அகதியாய் வந்தவன், அண்ணா. பள்ளியை விட்டதும் டூல் அண்டு டை வேலை கற்றவன். பிறகு சூதாட்டத்தில் பேர்போன தாதா ஆகிவிட்டான்.”

அண்ணன் சிரித்தார். “நம்ம லைன்தான்!” என்றார். சற்று நேரம் கழித்து, “அவன் பிள்ளை என்ன ஆனான்?” என்று கேட்டார்.

“ஒரு மகன் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து 1954-ல் பட்டம் வாங்கினான். தன் தொழில் பிள்ளைக்கு வேண்டாம் என்று அவனுக்கே தெரிந்திருக்கும் போல.”

அண்ணன் சிரிக்கவில்லை. வேனில் ஏறும்போது திரும்பி, “பாப்பாவை ஒருநாள்கூட விடாமல் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ” என்றார்.

தினமும் கூட்டிக்கொண்டு போகின்றேன். அவளை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டுத்தான் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கின்றேன். தோழர்களே, முதல் மணிக்கு நான் தாமதமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை, இன்று சொல்லிவிட்டேன். இனி யாரேனும் ஊரைக் கேட்டால், ஒரகடம் என்றே சொல்வேன்.