ஆவடிக் களி

எங்கள் தெருக்கோடி மனையில் போர் போட வண்டி வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கட்டு பாலிதீன் பையோடு அங்கே போய் நின்றாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பத்தடிக்கு ஒருமுறை குழாயிலிருந்து வெளியேறும் சேற்றில் ஒரு கை அள்ளிப் பையில் போட்டு, மேலே அடிக்கணக்கை மார்க்கரால் எழுதினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நிலவியல் படித்தவர்கள் முதல் ஆண்டில் செய்கிற வேலை இதுதான் என்று நான் சொன்னபோது அவள் பெரிதாக மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை. அடுத்த பையை நீட்டினாள்.

முதலில் செம்மண். அதில் மிளகுபோல உருண்ட இரும்புக் கற்கள். பிறகு மஞ்சள் களிமண்ணும் இடையிடையே வெள்ளைச் சுக்கான் கல்லும். அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழியச் சொன்னேன். நுரைத்தது. சுண்ணாம்பு இருப்பதற்கு அது சாட்சி. பிறகு சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒன்று வர ஆரம்பித்தது.

"களி வந்துடுச்சு சார்," என்றார் போர்க்காரர். "இனிமே எவ்ளோ ஓட்டினாலும் இதேதான். இதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னு எப்படி மாமா தெரியும்?" என்று அவள் என்னைக் கேட்டாள். போர்க்காரர் இருபது ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் குழாய் இறக்குகிறவர். குழாய் அதிர்வதை வைத்தே மண்ணைச் சொல்லிவிடுவார். அவர் சொன்னது தண்ணீரைப் பற்றி. அவளுடைய கேள்வி வேறு. அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் பூண்டிக்கு அழைத்துப் போனேன்.

ஆவடி என்றால் நமக்கு டாங்கித் தொழிற்சாலையும் மின்சார ரயிலும் நினைவுக்கு வரும். நிலவியலாளர்களுக்கு அது ஒரு பாறையின் பெயர். ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் களிப்பாறை பத்து கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. அந்தக் குடும்பத்துப் பாறைகளில் இலைத் தடங்களும் கடற்சிப்பித் தடங்களும் கிடைத்திருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி வீடுகளுக்கு அடியில் ஒரு பழைய கடலோரம் படுத்திருக்கிறது.

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த 28 வயது இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கற்கருவிகளைக் கண்டார். பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் இப்படிப்பட்ட கற்கள் கிடைத்த செய்தியை அவர் முன்பே படித்திருந்தார். அதனால் தேடிக்கொண்டே நடந்தார். கருவிகள் கிடைத்த செம்புரைப் படிவு கடலில் உண்டானது என்று பூட் கருதினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. ஆனால் எந்தக் கல் எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடைத்தது என்று அவர் எழுதிவைத்த குறிப்புகள் நிலைத்தன. அவர் சேகரித்த கற்கள் இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அத்திரம்பாக்கத்தின் அடியிலும் ஒரு களி அடுக்கு உண்டு. அது ஆவடிக் களிப்பாறை என்று நெடுங்காலம் நம்பினார்கள். பத்து கோடி ஆண்டுப் பாறை என்றால் அதில் மனிதன் செய்த எதுவும் இருக்க முடியாது. ஆகவே தோண்டுவதை அங்கே நிறுத்திக்கொள்ளலாம். பார்க்க எவ்வளவு நியாயமான முடிவு! 1999 முதல் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அந்தக் களிக்குள்ளும் இறங்கியது. உள்ளே கைக்கோடரிகள் இருந்தன. விலங்குகளின் பல் புதைபடிவங்களும் இருந்தன. நிறத்திலும் வழவழப்பிலும் ஆவடிக் களியை ஒத்திருந்த அந்த அடுக்கு, உண்மையில் மிகப் பிந்திய காலத்து வெள்ளம் கொண்டுவந்து பரப்பிய வண்டல்.

எவ்வளவு பிந்தியது? வெயிலில் கிடக்கும் குவார்ட்சைட் கல்மேல் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மோதி, அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற இரண்டு அணுவகைகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கல் ஆழத்தில் புதைந்ததும் அந்த வரவு நின்றுவிடும். இருப்பு கரையத் தொடங்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும்; பெரிலியம் பாதியாக அதைப்போல் இரண்டு மடங்கு காலம் ஆகும். மிச்சமிருக்கும் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரியும். கணக்கு சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என்று வந்தது. அந்தக் கணக்கை மட்டும் நம்பாமல், மண்ணில் உறைந்திருந்த காந்தத் திசையையும் சோதித்தார்கள். அது இன்றைய திசைக்குத் தலைகீழாக இருந்தது. பூமியின் காந்தம் இன்றைய நிலைக்குத் திரும்பியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்; ஆகவே அந்த மண் அதற்கும் முந்தையது. இரண்டு சாட்சிகளும் முரண்படவில்லை. 2011இல் 'சயின்ஸ்' இதழில் அந்த முடிவு வெளிவந்தது. எனக்கு அந்த இரண்டாவது சோதனைதான் முதலாவதைவிட மரியாதைக்குரியதாகத் தோன்றுகிறது. வியக்கவைக்கும் ஓர் எண்ணை, தனியான வேறொரு சாட்சியோடு ஒத்துப்பார்த்திருக்கிறார்கள்.

பூண்டி அருங்காட்சியகத்தில் கைக்கோடரி இருந்த கண்ணாடிப் பெட்டிமுன் அவள் வெகுநேரம் நின்றாள். ரயிலில் திரும்பும்போது திருவள்ளூர் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, "அந்தக் களியைப் பாத்தவங்க தப்பா பாக்கல மாமா. பேரு மட்டும் சீக்கிரமா வெச்சிட்டாங்க," என்றாள்.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுத் திண்ணையில் பைகளெல்லாம் வரிசையாக இருந்தன. அறுபதாவது அடிப் பையில் 'களி' என்று எழுதியிருந்ததை அடித்திருந்தாள். அதன் கீழே பொடி எழுத்தில் புதிதாக எழுதியிருந்தது: 'சாம்பல் நிறம். வழவழப்பு. நெறுநெறுப்பு இல்லை. எலுமிச்சைக்கு நுரைக்கவில்லை.'