கடனாளிகள்

கோவையில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது மில்டனுக்காகத்தான் பைபிளைத் திறந்தேன். நான் கிறிஸ்தவன் அல்ல. 1667-ல் வெளிவந்த காவியத்தில் மில்டன் கீழ்ப்படியாமையைப் பிரபஞ்ச அளவுக்குப் பெரிதாக்கிவிட்டார். அந்த அளவில் அது நம்மைத் தொடுவதில்லை. வங்கிக் குமாஸ்தாவான பிறகு எனக்கு மத்தேயுதான் நெருக்கம். ஏசு கற்றுத்தந்த ஜெபத்தில் லூக்கா பாவங்கள் என்கிற இடத்தில் மத்தேயு கடன்கள் என்கிறார். ஏசு பேசிய அராமிய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு 'கடன்' என்பதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 1995-ல் வந்த திருவிவிலியம் அதைக் 'குற்றம்' ஆக்கிவிட்டது.

குற்றம் என்றால் மனம் கொலை, களவு என்று தாவும். தவணை தவறுவதோ தினசரி நடப்பது. "அடுத்த வாரம் கட்டிடறனுங்க" என்று என் மேஜை முன் நின்று சொல்பவர், தாம் பொய் சொல்வதாக நினைப்பதில்லை. அந்த 'ங்க' இருக்கிறதே, அந்த மரியாதையிலேயே பாதிக் கடன் அடைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. மத்தேயு 21-ல் இரண்டு மகன்கள். தோட்ட வேலைக்குக் கூப்பிட்டால் ஒருவன் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு அப்புறம் போகிறான். மற்றவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போகாமல் இருக்கிறான். இரண்டாமவன் எங்கள் பக்கத்து ஆள்.

கிரேக்க மூலச் சொல் மனம் மாறுவதைத்தான் குறிக்கிறது. தமிழில் 'மனந்திரும்புதல்' என்றதும் அதில் நடையும் சேர்ந்துவிட்டது. திருவிவிலியத்தின் 'மனம் மாறுதல்' மூலத்துக்கு அருகில் இருக்கலாம். எனக்குப் பழைய சொல்லே வேண்டும். முதல் மகன் வருந்தியதோடு நிற்கவில்லை, தோட்டத்துக்கு நடந்தான்.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் கிருபையில் தொடங்குகிறது.

2008 பிப்ரவரி 29 அன்று மத்திய பட்ஜெட்டில் விவசாயக் கடன் நிவாரணமாக 60,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2007 டிசம்பர் 31-ல் தவணை தவறி, பட்ஜெட் நாள் வரை கட்டாமலும் இருந்தால், சிறு, குறு விவசாயிகளுக்கு முழுத் தள்ளுபடி. பல்லடம் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருந்த என் அப்பா, 2007 கார்த்திகையில் இரண்டு எருமைகளை விற்று முந்தைய வருஷத்துப் பயிர்க்கடனை அடைத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடைக்கவில்லை. அவருக்குக் கடன் போயிற்று, அப்பாவுக்கு எருமைகள் போயின. "ஒழுங்காக் கட்டுனவன் ஏமாளியா?" என்று அப்பா கேட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதரோடு அவர் பேசவில்லை. அந்த வீட்டுக் கலியாணத்துக்குப் போகவில்லை. வரப்பில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. ஊதாரி மகனின் அண்ணன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கீழ்ப்படிந்தவனின் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே வீட்டுக்குள் விருந்து நடக்கும்போது அவன் வெளியே நிற்கிறான். அவனுடைய கீழ்ப்படியாமை அங்கேதான் ஆரம்பமாகிறது, அதுவும் நேர்மையின் பேரால்.

அரசின் தள்ளுபடியைக் கிருபை என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஓட்டு இருக்கிறது, அரசியல் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் குமாஸ்தாவுக்குத் தெரியும். தள்ளுபடியான கடன் மறைந்துபோவதில்லை, இன்னொருவர் கணக்கில் ஏறுகிறது. சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வதும் இதுதான். தனக்காக இன்னொருவர் கட்டுவதைப் பொறுத்துக்கொள்பவர் உண்டு. அடுத்தவனுக்காகக் கட்டப்பட்டதைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

அப்பா 2019-ல் இறந்தபோது முதலில் வந்தவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பாடைக்கு மூங்கில் அவர் தோட்டத்திலிருந்து வந்தது. அவர் அப்பாவிடம் ஒரு பைசா வாங்கியவர் அல்ல. பதினோரு வருஷம் அப்பா அவரைத் தன் கடனாளியாக வைத்திருந்தார். நம் கடன்கள் மன்னிக்கப்பட, நம் கடனாளிகளை நாம் விட்டுவிட வேண்டும் என்கிறது அந்த ஜெபம். பத்திரம் எழுதி வாங்கிய கடனாளிகளை விடுவது சுலபம். ஒன்றும் வாங்காதவர்களை எந்தப் பேரேட்டில் தேடி அடிப்பது?